பதினாலாவது ஸ்லைடு

பன்னிரண்டு வருஷமாக உதவிப் பேராசிரியர் இசக்கிராஜா எம்.பி.ஏ. பிள்ளைகளுக்கு ‘உலகளாவிய சூழலில் மேலாண்மை’ என்ற பாடத்தை நடத்தி வருகிறார். ஜப்பான்காரர் விசிட்டிங் கார்டு நீட்டினால் எத்தனை கையால் வாங்க வேண்டும், அரபிக்காரர் எதிரில் எப்படிக் கால் போட்டு உட்காரக் கூடாது, ஜெர்மன்காரர் பத்து மணி என்றால் அது எத்தனை மணி, எல்லாம் அவருக்கு அத்துப்படி. அவர் நேரில் போய்ப் பார்த்த அந்நிய பூமி, மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்துப் புனலூர். அதுவும் ஒரு கல்யாணத்துக்கு, வேனில்.

பாஸ்போர்ட் இல்லாமல் இல்லை. எடுத்து ஒன்பது வருஷம் ஆகிறது. ஒரு முத்திரைகூட விழாமல், வாங்கின மேனிக்குப் பீரோவில் இருக்கிறது. அடுத்த வருஷம் காலாவதியாகிவிடும்.

கீழப்பாவூரில் அவர் குடும்பத்தில் ஒன்று போலீஸ், இல்லையென்றால் ராணுவம். டை கட்டியவர் இவர் ஒருத்தர்தான். பத்தாம் வகுப்பை இரண்டு மூச்சில் தாண்டிய தம்பி, ஐ.நா. அமைதிப்படையோடு சூடானுக்குப் போய் ஒரு வருஷம் இருந்துவிட்டு வந்தான். லீவுக்கு வரும்போதெல்லாம் “அங்கன சூடான்ல என்ன செய்வாம்னா...” என்று ஆரம்பிப்பான். இசக்கிராஜா மோட்டார் போடுகிற சாக்கில் எழுந்து கொல்லைக்குப் போய்விடுவார்.

வகுப்பில் இன்னும் மோசம். பாதிப் பிள்ளைகள் கடையநல்லூர்க்காரர்கள். அப்பா ஷார்ஜா, மாமா தம்மாம், அண்ணன் கோலாலம்பூர். முதல் நாளே சஃப்ரின் என்ற பெண் எழுந்து, “சார் எந்தெந்த நாட்டுக்கெல்லாம் போயிருக்கிய?” என்று கேட்டுவிட்டாள். பிள்ளை விஷமமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டது. அவர் புத்தகத்தைத் திறந்து, “முதல் யூனிட்டுக்கு வாங்க” என்றார்.

கல்லூரியின் பெயர் சாரல் இன்டர்நேஷனல் பிசினஸ் ஸ்கூல். தென்காசியிலிருந்து இலஞ்சி போகிற வழியில், முன்பு கல்யாண மண்டபமாக இருந்த கட்டிடம். எதிரே ஏசி மண்டபம் ஒன்று முளைத்து இதைப் படுக்க வைத்ததும், தாளாளர் உச்சிமாகாளி அண்ணாச்சி ஒரே கோடை விடுமுறையில் இதைக் கல்லூரி ஆக்கிவிட்டார். பந்தி நடந்த கூடம் இப்போது செமினார் ஹால். கை கழுவும் குழாய்கள் பன்னிரண்டும் ஓரமாக அப்படியே வரிசையில் நிற்கின்றன. வேலைவாய்ப்புப் பிரிவின் கதவில் ‘மணமகன் அறை’ என்று இன்னும் எழுதியிருக்கிறது. மாற்றச் சொன்னால் அண்ணாச்சி, “ரெண்டும் ஒரே வேலைதானலே, ஆளை ஒரு எடத்துல தள்ளி விடுகதுதானே” என்பார்.

அந்தக் கல்லூரிக்குத்தான் இந்த ஆடிச் சாரலில் ஹாலந்திலிருந்து டாக்டர் ஹில்டா வந்தார். அவருடைய பல்கலைக்கழகம் ஓர் ஒப்பந்தம் போட்டிருந்தது. இங்கிருந்து ஓர் ஆசிரியர் செப்டம்பர் முதல் டிசம்பர் வரை அங்கே போய்ப் பாடம் நடத்தலாம். ஒரே ஓர் இடம். யாரைக் கூப்பிடுவது என்பதை ஹில்டா நேரில் பார்த்து முடிவு செய்வார்.

பாடம் இசக்கிராஜாவுடையது. துறைத்தலைவரும் அவர்தான். அண்ணாச்சியே, “தம்பி, நீ பெட்டியக் கட்டு” என்று சொல்லியாயிற்று. அவர் திருநெல்வேலிக்குப் போய், தொப்பி வைத்த நீல ஜெர்கின் ஒன்று வாங்கி வந்து, பீரோ மேல் பழைய குக்கர் அட்டைப்பெட்டிக்குள் வைத்தார். தென்காசியில் வாங்கினால் ஊருக்குத் தெரிந்துவிடும். வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் வியர்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். மனுஷன் வாழ்க்கையில் எதற்கும் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

ஹில்டாவுக்குக் காலைச் சாப்பாடு அண்ணாச்சி வீட்டில். நாலு இட்லியோடு அந்த அம்மா “நோ, தேங்க் யூ” என்றார். இரண்டு இட்லி விழுந்தது. இலைக்கு மேல் கையை விரித்து “நோ, நோ” என்றார். விரலிடுக்கு வழியாகக் கேசரி இறங்கியது. கல்லூரிக்குக் காரில் வரும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு இசக்கிராஜாவிடம் கேட்டார்: “நான் நாலு தடவை வேண்டாம் என்றேன். வேறு என்னதான் சொல்லியிருக்க வேண்டும்?”

அப்போது இவர் வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். பாடம் நடத்துகிறவர்களுக்கு அது வராது.

“இந்தப் பக்கத்து வழக்கம் மேடம்,” என்றார் இங்கிலீஷில். “முதல் ‘வேண்டாம்’ மரியாதைக்கு. இரண்டாவது ‘வேண்டாம்’ கூச்சத்துக்கு. மூன்றாவது தடவையும் வருந்திக் கேட்டால்தான் உண்மையான பதில் வரும். ஒரு தடவையோடு விட்டால், ‘ஒப்புக்குக் கேட்டான்’ என்று மூன்று தலைமுறைக்குப் பேசுவார்கள்.”

“அப்படியா! நல்லவேளை சொன்னீர்கள். இனி நானும் மூன்று தடவை கேட்கிறேன்.”

“ஐயோ, அதெல்லாம் வீட்டில்தான் மேடம். எங்கள் கல்லூரியில் இந்தப் பழக்கத்தை வேரோடு பிடுங்கிவிட்டோம். எங்களிடம் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். என் வகுப்பில் பாருங்கள்.”

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளை டை கட்டியிருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

வகுப்பில் அன்றைக்கு இசக்கிராஜா வெளுத்து வாங்கினார். பதினாலாவது ஸ்லைடுக்கு வந்ததும் குரலைத் தாழ்த்தி, ஒவ்வொரு வார்த்தையாக வாசித்தார்: “உலகச் சந்தையில் வேண்டும் என்றால் வேண்டும். வேண்டாம் என்றால் வேண்டாம். இரண்டாவது தடவை கேட்க அங்கே யாருக்கும் நேரமில்லை.” ஹில்டா தலையை ஆட்டி ஆட்டி நோட்டில் எழுதிக்கொண்டார். அவர் ஊரிலும் அதுதான் வேதமாம்.

சஃப்ரின் கையைத் தூக்கினாள். “சார், ஒரு டவுட்டு. முந்தாநாள் ஆபீஸ்ல வடை குடுத்தப்போ நீங்க மூணு தடவை வேண்டாம் வேண்டாம்னிய. பொறவு நாலு எடுத்திய. அது எந்த ஸ்லைடுல வரும் சார்?”

கூடம் சிரித்தது. தமிழில் கேட்டதால் ஹில்டாவுக்குப் புரியவில்லை. இசக்கிராஜா பதினைந்தாவது ஸ்லைடுக்குத் தாவினார்.

பதினோரு மணிக்கு அண்ணாச்சியின் அறையில் நாலு பேர் உட்கார்ந்தார்கள். அண்ணாச்சி, ஹில்டா, இசக்கிராஜா, மனிதவளப் பாடம் எடுக்கும் உமாராணி. சுரண்டையிலிருந்து தினமும் ஏழு பத்து பஸ்ஸில் வருகிறவர் உமாராணி. இரண்டு பிள்ளைகள். கூட்டத்தில் அதிகம் பேச மாட்டார். ஒப்பந்தக் கோப்பு அவர் பொறுப்பில் இருந்ததால் கூப்பிட்டிருந்தார்கள். வெளியே சாரல் தூறிக்கொண்டிருந்தது. வாழைக்காய் பஜ்ஜியை இன்னும் காணோமே என்று அண்ணாச்சி எழுந்து வராந்தாவுக்குப் போனார். அந்த இரண்டு நிமிஷத்தில்தான் எல்லாம் நடந்தது.

ஹில்டா நாற்காலியைத் திருப்பி நேராகப் பார்த்தார். “பேராசிரியர் இசக்கிராஜா, உங்கள் வகுப்பு எனக்கு மிகவும் பிடித்தது. செப்டம்பரில் எங்களிடம் வருகிறீர்களா?”

நெஞ்சு ‘வாரேன், வாரேன்’ என்று குதித்தது. ஆனால் கழுத்து தன் பாட்டுக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வாய், நாற்பத்தொரு வருஷப் பழக்கத்தில், தானாகத் திறந்தது.

“ஐயோ, நானா? வேண்டாம் மேடம். என்னைவிடத் தகுதியானவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். எனக்கு இங்கேயே சரியாகத்தான் இருக்கிறது.”

சொல்லிவிட்டு, தரையைப் பார்த்துப் புன்னகைத்தபடி, இரண்டாவது கேள்விக்காகக் காத்திருந்தார். அவரை ஒன்றும் சொல்ல முடியாது. பெண் பார்க்கப் போன இடத்தில் பிடித்திருக்கிறதா என்று கேட்டபோது, “பெரியவங்க பாத்துச் செய்யட்டும்” என்றவர். துறைத்தலைவர் பதவிக்கு அண்ணாச்சி கூப்பிட்டபோது மூன்று தடவை முடியாது என்று சொல்லி, நாலாவது தடவை “போயி நாற்காலில உக்காருலே” என்று அதட்டியதும் போய் உட்கார்ந்தவர். இதுவரைக்கும் வாழ்க்கையில் அவருக்குக் கிடைத்ததெல்லாம் இந்த வழியாகக் கிடைத்ததுதான். மனைவி உட்பட.

“நன்றி,” என்றார் ஹில்டா. “சொன்னபடி நடக்கிற ஆசிரியரைப் பார்ப்பது அபூர்வம். உங்கள் ஸ்லைடை மதிக்கிறேன்.” அப்படியே உமாராணி பக்கம் திரும்பினார். “நீங்கள் வருகிறீர்களா?”

“யெஸ்,” என்றார் உமாராணி.

அவ்வளவுதான். ஒரே வார்த்தை. இசக்கிராஜா தரையிலிருந்து கண்ணை எடுப்பதற்குள் இரண்டு பெண்களும் கை குலுக்கிக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி பஜ்ஜித் தட்டோடு உள்ளே வந்து, விஷயத்தைக் கேட்டுவிட்டு, இசக்கிராஜாவைப் பார்த்தார். இசக்கிராஜா பஜ்ஜியைப் பார்த்தார்.

மத்தியானம் மனைவி ஆனந்தவள்ளியிடமிருந்து போன்.

“என்னங்க, கேட்டாவளா?”

“கேட்டாவ.”

“நீங்க என்ன சொன்னிய?”

“வேண்டாம்னேன்.”

“சரி, அது சொல்லுகதுதானே. ரெண்டாந்தரம் கேட்டதுக்கு?”

“கேக்கல.”

“என்னது?”

“ரெண்டாந்தரம் கேக்கவே இல்லட்டி.”

அந்தப் பக்கம் குக்கர் விசில் ஒன்று வந்து அடங்கியது. “அது எந்த ஊரு மொறை, ஒரே தரம் கேட்டுட்டு விடுகது?” என்றாள் ஆனந்தவள்ளி. குரலில் அழுகையும் கோபமும் சரிபாதி. “நான் பருப்புப்பொடி திரிச்சு வச்சிருக்கேன் மூணு கிலோ. யார் திங்க? இன்னைக்குச் சாயந்தரத்துக்குள்ள அந்த அம்மாட்ட வாயத் தொறந்து கேக்குதியளா இல்லியா? கேக்காம வீட்டுக்கு வந்தியன்னா, குக்கர் பெட்டிக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கியள்லா, அந்த ஜெர்கினப் போட்டுக்கிட்டு வெளிய படுங்க.”

சாயங்காலம் ஹில்டாவை ஐந்தருவிக்குக் கூட்டிப்போனார்கள். கல்லூரி வேன், பின்கண்ணாடியில் ‘மணமக்கள் வாழ்க’ பாதி சுரண்டிய நிலையில் தென்காசியைக் கடந்து போனது. அருவியில் தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது. ரம்புட்டான் கடைகள், குரங்குகள், எண்ணெய் தேய்க்கிறவர்களிடம் முதுகைக் கொடுத்துவிட்டுப் பாதி உயிராகக் கிடக்கும் ஆண்கள். அண்ணாச்சி ஆளும்பேருமாகப் பரோட்டா கடையில் இடம் பிடிக்கப் போய்விட்டார். ஹில்டாவும் உமாராணியும் சஃப்ரினும் பெண்கள் பக்கம் இறங்கிக் குளித்தார்கள். இசக்கிராஜா குடையும் கையுமாகத் தடுப்புக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று, சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனசுக்குள் உருட்டிக்கொண்டிருந்தார்.

குளித்து முடித்து ஹில்டா கம்பியருகே வந்து நின்றார். உமாராணியிடம் இரவல் வாங்கிய சுடிதார் முழங்காலோடு நின்றுவிட்டிருந்தது. முகமெல்லாம் சிரிப்பு.

இசக்கிராஜா தொண்டையைச் செருமினார். “மேடம், ஐ வாண்ட் டு கம்.”

“என்ன?” அருவி இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை.

“ஐ வாண்ட் டு கம்!”

“இங்கேயா? இது பெண்களுக்கான பக்கம் இல்லையா?”

பக்கத்தில் நின்ற பெண் போலீஸ் விசிலை ஊதினார். “யோவ், ஆம்பளைகளுக்கு அங்கிட்டுய்யா! குடைய வேற பிடிச்சுக்கிட்டு வாராரு!”

இசக்கிராஜாவுக்குக் காது மடல் சூடானது. போய்விடலாமா என்று ஒரு நொடி நினைத்தார். வீட்டில் இருக்கும் அந்த ஜெர்கின் நினைவு வந்தது. தம்பியின் சூடான் நினைவு வந்தது. குடையை மடக்கினார். கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“டு ஹாலந்த்! ஹாலந்துக்கு வரணும்! எனக்கு வேணும்!”

இங்கிலீஷில் தொடங்கித் தமிழில் முடிந்தது அந்தக் கத்தல். எண்ணெய்ப் பலகையில் கிடந்த ஆண்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். ஒரு குரங்கு தின்றுகொண்டிருந்த முறுக்கைக் கீழே போட்டது. தன் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்ததில் மற்ற எல்லோரையும்விட அவர்தான் அதிகம் அதிர்ந்துபோனார்.

ஹில்டாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அது புரிந்தது. ஓரமாக அழைத்து வந்து கேட்டார். “காலையில் நான்தான் கேட்டேனே. நீங்கள் வேண்டாம் என்றீர்களே.”

“இன்னொரு தடவை கேட்பீர்கள் என்று இருந்தேன்.”

“கேட்கத்தான் இருந்தேன். உங்கள் கல்லூரியில் அது கிடையாது என்று காரில் நீங்கள்தான் சொன்னீர்கள். பதினாலாவது ஸ்லைடு...”

“மேடம்,” என்றார் இசக்கிராஜா, சொட்டச் சொட்ட நனைந்தபடி. “அது சிலபஸ்.”

ஹில்டா சிரிக்கவில்லை. நிஜமாகவே வருத்தப்பட்டார். “உங்களைத்தான் கூட்டிப்போக நினைத்தேன். ஆனால் உமாராணியிடம் கேட்டாயிற்று, அவரும் சரி என்றுவிட்டார். அவராக விட்டுக்கொடுத்தால் தவிர நான் ஒன்றும் செய்ய முடியாது.”

உமாராணி பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

“என்ன சார், காலையிலயே சொல்லிருக்கலாம்லா,” என்றார். “நீங்களே போங்க சார். ஒங்க பாடம். நான் ரெண்டு பிள்ளையள விட்டுட்டு அங்கன போயி என்னத்தச் செய்ய? நீங்க போங்க.”

இப்படிச் சொல்ல வேண்டும் என்பது முறை. பதிலுக்கு ‘சேச்சே, நீங்கதான் போகணும்’ என்று சொல்ல வேண்டும் என்பதும் முறை. ஆனால் இசக்கிராஜாவின் சட்டைப்பையில் பதினாலாவது ஸ்லைடும் இருந்தது. வார்த்தை என்றால் வார்த்தை. அவர் போங்க என்கிறார், இவர் சரி என்றால் முடிந்தது. ஹில்டா இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். ‘சரி’ என்ற சொல் இசக்கிராஜாவின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பொய் சொல்வானேன், வந்துவிட்டது.

அப்போதுதான் உமாராணியின் கையைப் பார்த்தார். தலையிலிருந்து கால்வரை நனைந்து நின்ற அந்தப் பெண், ஒரு கையை மட்டும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். கவருக்குள் கவர், அதற்குள் இன்னொரு கவர். உள்ளே ஆதார் ஜெராக்ஸ், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், கல்யாணச் சான்றிதழ். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், சாப்பிடாமல் ஜெராக்ஸ் கடைக்கு ஓடியிருக்கிறார். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட. அருவியில் குளிக்கப் போகும்போதும் அதை யாரிடமும் கொடுத்துவிட்டுப் போகவில்லை. ஐந்தருவித் தண்ணீர் மொத்தமும் தலையில் விழுந்தும் ஒரு தாள் நனையவில்லை.

இன்றைக்குக் காலையில் முளைத்த ஆசை இல்லை அது என்று இசக்கிராஜாவுக்குத் தெரிந்தது. அவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்.

“மேடம்,” என்றார் உமாராணியிடம். “எனக்கு வேணும். ரொம்ப வேணும். மரியாதைக்குச் சொல்லல, நெசமாவே சொல்லுதேன். வயித்தெரிச்சலாத்தான் இருக்கு. ஆனா நீங்கதான் ஒரே வார்த்தையில சரின்னு சொல்லி வாங்குனிய. எனக்கு வேண்டாம். நீங்க போங்க.”

முறைப்படி இனி உமாராணி இரண்டாந்தரம் வற்புறுத்த வேண்டும். இசக்கிராஜா காத்திருந்தார். அந்த இடைவெளியில், தான் சொன்ன ‘வேண்டாம்’ எந்த வகை ‘வேண்டாம்’ என்பது அவருக்கே நிச்சயமில்லை.

“சரி சார்,” என்றார் உமாராணி. “தேங்க்ஸ் சார்.”

சஃப்ரின் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, ஹில்டா பையிலிருந்து நோட்டை எடுத்து அதையும் எழுதிக்கொண்டார்.

பரோட்டா கடையில் அண்ணாச்சி, சால்னா வாளிக்காரனைத் தள்ளிவிட்டுத் தானே பரிமாறினார். இசக்கிராஜாவின் இலைக்கு மேல் ஒரு பரோட்டாவைத் தூக்கிப் பிடித்தபடி, வழக்கம்போல நீண்ட வாதத்துக்குத் தயாராகி, “தம்பி, இன்னொண்ணு?” என்றார்.

“வையுங்க,” என்றார் இசக்கிராஜா.

அண்ணாச்சியின் கை அந்தரத்தில் நின்றது. “என்னலே, ஒடம்புக்குச் சரியில்லையா?” என்று கேட்டுவிட்டுத்தான் வைத்தார்.

மறுநாள் காலையில் இசக்கிராஜா குக்கர் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கல்லூரிக்கு வந்தார். பெட்டிக்கு மேலே, ஆனந்தவள்ளி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு கொடுத்தனுப்பிய பருப்புப்பொடி. உமாராணி வராந்தாவில் சஃப்ரினோடு நின்று பாஸ்போர்ட் விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தார்.

இசக்கிராஜா ஜெர்கினை எடுத்து நீட்டினார். “அங்கன குளுரும் மேடம். உங்களுக்குக் கொஞ்சம் பெருசாத்தான் இருக்கும். சும்மா உள்ள சட்டை ரெண்டு போட்டுக்கிட்டா சரியாயிரும். வச்சுக்கோங்க.”

“ஐயோ, வேண்டாம் சார்.”

சஃப்ரின் விண்ணப்பத்திலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தாள். இசக்கிராஜா ஜெர்கினின் தொப்பியை ஒரு தரம் தடவிப் பார்த்தார். திரும்பப் பெட்டிக்குள் வைத்துவிட்டால் யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. பதினாலாவது ஸ்லைடே சாட்சி.

“வச்சுக்கோங்க மேடம்.”

“இல்ல சார், எதுக்கு சார் ஒங்களுக்குச் சிரமம். வேண்டாம்.”

அவர் மூன்றாவது தடவையும் கேட்டார். உமாராணி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.